கடலில் வாழ்வோரிடம் "வீட்டிலேயே இருங்கள்" என்றபோது...



2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்த வெள்ளிக்கிழமை அது. கடைத்தெருவுக்கு ஓடி அரிசியும் பருப்பும் பால்மாவும் வாங்கிச் சேர்த்தோம். பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினோம். அதன்பிறகு வந்த நாட்களில் அந்தக் கதவுக்குள்ளே என்னவெல்லாம் நடந்தன என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். சமையலறை ஓயவில்லை. உழைப்பு நின்றுபோன கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிறிய காரியத்துக்கெல்லாம் கோபம் வந்தது. நள்ளிரவில் காரணமின்றி அழுகை வந்தது என்று எத்தனையோ சகோதரிகள் பிற்பாடு சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆயினும் நமக்குச் சாத்துவதற்கு ஒரு கதவு இருந்தது. அதே நாட்களில், அதே கட்டளை, கதவே இல்லாத ஒரு மக்கள் கூட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களும் கலிமாச் சொன்னவர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்கோடிக் கடலிலே வாழும் பஜாவ் மக்களைப் பற்றித்தான் சொல்கிறேன். நோய் அவர்களுடைய உடலுக்கு என்ன செய்தது என்பதல்ல இக்கட்டுரையின் பேசுபொருள். அவர்களுடைய உள்ளத்துக்கும் உறவுக்கும் அந்தக் காலம் என்ன செய்தது என்பதை உங்களுடன் சேர்ந்து சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

யார் இவர்கள்?

பஜாவ் என்பது மற்றவர்கள் அழைக்கும் பெயர். அவர்கள் தங்களை 'ஸமா திலாவுத்' என்கிறார்கள். கடலைச் சேர்ந்த ஸமாக்கள் என்பது அதன் கருத்து. சூலு, தாவி தாவி தீவுக்கூட்டங்களிலும், ஸம்போவங்கா நகரக் கரையிலும், எல்லைக்கு அப்பால் மலேசியாவின் சபா மாநிலத்திலும் இவர்கள் பரந்து வாழ்கிறார்கள். இந்தோனேசியாவின் சுலாவெசிக் கரைகளில் வாழும் பஜோ மக்களும் இதே பெரிய குடும்பத்தின் ஒரு கிளையே. இவர்களது மொழி சினாமா.

பரம்பரை பரம்பரையாக இவர்களுக்கு வீடு என்றால் 'லெப்பா' என்னும் படகுதான். பிறப்பும் அதிலே, சமையலும் அதிலே, உறக்கமும் அதிலே. இன்று முழுக்கப் படகிலேயே குடியிருப்போர் மிகச் சிலரே. பெரும்பாலானோர் கடலோரத்து ஆழமற்ற நீரில் கால்கள் நட்டு, அவற்றின்மேல் பலகை வீடுகள் கட்டி வாழ்கிறார்கள். ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் நடுவே ஓரிரு பலகைகளே பாதை. கீழே கடல்.

மூச்சை அடக்கி ஆழ்கடலில் மூழ்குவதில் இவர்களுக்கு நிகரில்லை. சுலாவெசியின் பஜோ மக்களை ஆராய்ந்தவர்கள், அயலிலே தரையில் வாழும் மக்களைவிட இவர்களது மண்ணீரல் ஏறத்தாழ 50 வீதம் பெரிதாக இருப்பதை 2018இல் வெளியிட்டார்கள். மூழ்கும்போது உடலுக்குத் தேவைப்படும் ஒட்சிசனைச் சுமந்த குருதியைச் சேமித்து வைக்கும் உறுப்பு அது. அல்லாஹ் ஒரு சமூகத்துக்கு அதன் வாழ்விடத்துக்கு ஏற்றாற்போல் உடம்பையும் அமைத்துக் கொடுக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்!

தாவி தாவியின் சிமுனுல் தீவிலே ஷெய்க் கரீமுல் மக்தூம் அவர்களின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் மிகப் பழைய பள்ளிவாசல் அது என்றும், 1380இல் கட்டப்பட்டது என்றும் கூறுவார்கள். அத்தனை காலத்துக்கு முன்பே இஸ்லாம் வந்து சேர்ந்த கடல் அது. அப்படியிருந்தும் அக்கடலிலேயே கிடந்த இம்மக்களைத் தரையில் வாழ்ந்த முஸ்லிம்கள் நீண்ட காலமாகத் தம்மில் ஒருவராக மதிக்கவில்லை. அவர்களுக்கு இட்ட பெயர்களில் ஒன்று 'லுவாஆன்'. துப்பி எறியப்பட்டது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அல்லாஹ்வினால் துப்பப்பட்டவர்களாம்! தரையில் கபுறுக்கு இடமில்லாத, பள்ளியில் ஸப்பிலே இடமில்லாத காலமும் இருந்தது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்ட வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் வரும் கட்டளையை ஓதிக்கொண்டே இப்பெயரையும் சொல்லி அழைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, ஓதிக்கொடுக்கும் தொழிலில் உள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோய்க்கு முன்பே ஒரு காயம்

கொவிட் வருவதற்கு ஆறரை ஆண்டுகளுக்கு முன், 2013 செப்டெம்பரில், ஸம்போவங்கா நகரில் ஆயுதக் குழுவொன்றுக்கும் அரச படைகளுக்கும் இடையில் கடும் சண்டை மூண்டது. மூன்று வாரம் நீடித்த அச்சண்டையில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். வீடுகள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. எரிந்தவற்றுள் பஜாவ் மக்களின் கடல்மேல் குடியிருப்புகளும் அடங்கும். விளையாட்டரங்கிலும் காவா காவா என்னும் கடற்கரைச் சாலையோரத்திலும் கூடாரங்களில் மாதக்கணக்காக அவர்கள் கிடந்தார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வயிற்றோட்டத்தாலும் நிமோனியாவாலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

பின்னர் பஜாவ் குடும்பங்கள் பலவற்றை நகருக்கு வெளியே மம்பாங் என்னுமிடத்தில் தற்காலிகக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தார்கள். மீன் பிடித்தே வாழ்பவனுக்குப் படகு கட்டும் இடம் தொலைவில். குடிநீர் பிரச்சினை. தற்காலிகம் என்பது ஆண்டுக்கணக்காக நீண்டது. மனநலம் பற்றிப் பேசுகையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2020இல் இம்மக்கள் முழுமனிதர்களாக நின்று நோயை எதிர்கொள்ளவில்லை. ஒரு காயத்தின் பொருக்கு உதிர்வதற்குள் மறு அடி விழுந்தது.

முடக்கம் வந்தபோது

2020 மார்ச் நடுப்பகுதியில் மணிலாவும் லூசோன் தீவும் முடக்கப்பட்டன. அடுத்த வாரங்களில் தெற்கே உள்ள நகரங்களும் மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வீட்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. அதை வைத்திருப்பவர் மட்டுமே பொருட்கள் வாங்க வெளியே வரலாம். 21 வயதுக்குக் குறைந்தவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் வெளியே வரவே கூடாது. தீவுகளுக்கிடையிலான பயணிகள் கப்பல்கள் நின்றன.

இக்கட்டளைகள் ஒவ்வொன்றையும் ஒரு பஜாவ் தாயின் இடத்திலிருந்து பாருங்கள். அவளது கணவன் அன்றன்று பிடித்த மீனை அன்றன்றே விற்று அரிசி வாங்குபவன். இரவுக் கடலுக்குப் போக ஊரடங்கு விடாது. பிடித்தாலும் வாங்க ஆளில்லை. ஸம்போவங்காத் துறைமுகத்தில் கப்பல் பயணிகள் கடலில் எறியும் சில்லறைக் காசைச் சிறு வள்ளங்களிலிருந்து பாய்ந்து மூழ்கி எடுக்கும் சிறுவர்கள் அவளுடைய பிள்ளைகள். கப்பல் நின்றது, காசும் நின்றது. தாவோவிலும் பத்தங்காஸிலும் முத்துமாலை விற்கும் பெண்கள், தெருத்தெருவாகப் பழந்துணி விற்கும் பெண்கள், எல்லாரும் அவளுடைய உறவினர்கள். செபுவிலும் மணிலாவிலும் பஸ் வண்டிகளில் ஏறி மேளம் தட்டிக் கைநீட்டுவோரும் அவர்களே. (பிச்சை எடுப்பதும் கொடுப்பதும் 1978இலிருந்து அந்நாட்டில் சட்டப்படி குற்றம். ஆயினும் அவர்கள் கைநீட்டுவது நிற்கவில்லை. பசி சட்டப் புத்தகம் பார்ப்பதில்லை.)

கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்றார்கள். நான்கு பக்கமும் நீர்தான், எல்லாம் உப்பு நீர். குழாயில்லாத பலகை வீடுகளுக்கு நல்ல தண்ணீர் கலன்களில் காசுக்கு வருகிறது. அதை அரிசிக்கு ஊற்றுவதா, கைக்கு ஊற்றுவதா? ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். பலகைப் பாதையின் அகலமே ஒரு மீற்றர் வராது. ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீட்டில் யாரை யாரிடமிருந்து தள்ளிப் படுக்க வைப்பது?

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 24இல் ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டு, வருமானம் குறைந்த 180 இலட்சம் குடும்பங்களுக்கு 5,000 முதல் 8,000 பெசோ வரை உதவித்தொகை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் கொடுப்பதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியலுக்குப் பெயர் வேண்டும், முகவரி வேண்டும். நமது கிராம சேவகர் பிரிவைப் போல அங்கே 'பரங்காய்' என்னும் சிறு நிர்வாகப் பிரிவுகள் உள்ளன. அங்கே பதியப்படாதவர், பிறப்புச் சான்றிதழே கண்டிராதவர், நேற்று வேறு தீவிலும் இன்று இங்கேயும் இருப்பவர் எந்தப் பட்டியலில் ஏறுவார்? வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய வாப்பா, வீட்டில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்ப்பான். அந்தத் தவிர்ப்பு முதலில் மௌனமாகவும், பின்பு எரிச்சலாகவும், பின்பு கை ஓங்குதலாகவும் மாறுவதை நம் ஊர்களிலும் பார்த்துத்தான் இருக்கிறோம்.

படகை அவிழ்க்க முடியாத நாட்கள்

சகோதரியே, இனிச் சொல்வதே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது.

தாவி தாவியிலும் செம்பொர்னாவிலும் இம்மக்களோடு நீண்ட காலம் தங்கி அவர்களைப் பற்றி எழுதிய நிம்மோ, ஸேதர் ஆகிய மானிடவியலாளர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருக்கிறார்கள். படகுகள் உறவினரோடு உறவினராக ஒரு துறையில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். இரு குடும்பங்களுக்குள் மனக்கசப்பு வந்துவிட்டால் அடிதடியில் இறங்குவது அவர்கள் வழக்கமல்ல. ஒரு குடும்பம் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இன்னொரு துறையிலுள்ள இன்னோர் உறவினரிடம் போய்விடும். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கோபம் ஆறியபின் திரும்பி வரும். தரையில் வாழும் நாம் மனதுக்குள் பூட்டி வைத்துப் புழுங்கும் காரியத்தை, அவர்கள் கயிற்றை அவிழ்த்துக் கடலில் விட்டுவிட்டு வருவார்கள். பிறர் அவர்களைக் கோழைகள் என்றார்கள். எனக்கு அது ஓர் அறிவாகவே படுகிறது. கோபம் வந்தால் நின்றவர் உட்காரட்டும், உட்கார்ந்தவர் சாயட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் இருக்கும் இடத்தையும் நிலையையும் மாற்று என்பதுதானே?

அப்படிப்பட்ட மக்களைத்தான் அசையாதே என்றார்கள். வீட்டுக்கு வீடு பலகை தூரமே உள்ள குடியிருப்பில், வேலையற்ற ஆண்களும் பசித்த பிள்ளைகளும் நாள் முழுக்க ஒரே இடத்தில். சச்சரவு வந்தால் அவிழ்த்துக்கொண்டு போகக் கடல் இல்லை. மறுதீவிலுள்ள உம்மாவிடம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றால், இரு தீவுக்கும் நடுவே சோதனைப் படகு. தனிமையால் வாடியவர்களைப் பற்றிக் கொவிட் காலத்தில் உலகமெல்லாம் எழுதினார்கள். விலகிப் போக முடியாத நெருக்கத்தால் வாடியவர்களும் இருந்தார்கள்.

கோபம் ஆறியபின் சேர்வதற்கும் அவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. செம்பொர்னாப் பகுதியில் அதை 'மக்கிபாரத்' என்கிறார்கள். பகைத்த இருவரை ஒன்றாக உட்கார வைத்து, பெரியவர்கள் முன்னிலையில் பகையைக் கழுவி விடுவது. சொல்லைக் கவனித்தீர்களா? நமது 'கப்பாரா'தான் அது. பாவத்துக்கோ முறித்த சத்தியத்துக்கோ பரிகாரம் என்று கிதாபில் நாம் படிக்கும் அறபுச் சொல், கடலுக்குள்ளே போய் உறவை ஒட்டும் மருந்தாகியிருக்கிறது. அறபு மத்ரஸாவின் வாசலையே காணாத மக்கள் அச்சொல்லுக்கு எவ்வளவு அழகான ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்! கோபத்தை நெஞ்சில் ஒளித்து வைத்தால் அது வீட்டிலுள்ள பிள்ளைக்கு நோயாக வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நோய் உண்டாவது அல்லாஹ்வின் நாட்டப்படிதான். என்றாலும் பெற்றோரின் மனக்கசப்பு பிள்ளையின் உடம்பில் தெரியும் என்பதை எந்தத் தாய்தான் மறுப்பாள்?

நோயாளிக்காக ஜின்களையும் முன்னோரின் ஆவிகளையும் அழைத்து இரவெல்லாம் ஆடும் சடங்குகளும் அவர்களிடம் உள்ளன. இவை மார்க்கத்துக்கு உடன்பாடானவை அல்ல. இதை மழுப்பிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒரு பெண் மனமுடைந்து படுத்துவிட்டால் அவளைச் சுற்றி எத்தனை படகுகள் வந்து சேரும், எத்தனை சாச்சிமார் அவள் தலைமாட்டில் விழித்திருப்பார்கள் என்பதை நாம் காணத் தவறக் கூடாது. கூட்டம் கூடாதே என்ற சட்டம் சடங்கை மட்டும் நிறுத்தவில்லை, அந்தச் சாச்சிமாரையும் நிறுத்திவிட்டது. அவர்களுக்குப் பதிலாக எது வந்தது? பிலிப்பைன்ஸில் 2018இல் மனநலச் சட்டம் வந்தது. 2019இல் மனநெருக்கடிக்கு உள்ளானோர் அழைப்பதற்கு ஒரு தொலைபேசிச் சேவையும் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் சினாமா மட்டுமே பேசும், கையில் தொலைபேசி இல்லாத, மின்சாரம் எட்டாத ஒரு பலகை வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அந்த இலக்கத்தால் என்ன பயன்?

முடக்கமே தவறு என்று சொல்வதாக நீங்கள் எண்ண வேண்டாம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருப்பவர் வெளியேறாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்ட உமர் (ரழி) அவர்கள் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு வழியிலிருந்தே மதீனாவுக்குத் திரும்பினார்கள். ஆனால் பஞ்ச காலத்தில் தமது தோளிலே மாவு மூடை சுமந்து பசித்த தாயின் அடுப்படிவரை போனவராக நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் அதே உமரைப் பற்றித்தான். இருந்த இடத்தில் இரு என்று சொன்னவருக்கு, இருந்த இடத்துக்கு உணவு கொண்டுபோகும் கடமையும் இருந்தது.

பழைய தூரமும் புதிய தூரமும்

முகக்கவசம் அணிந்து தள்ளி நிற்பது நமக்கு 2020இல் வந்த புதுப் பழக்கம். பஜாவ் பெண்ணுக்கு அது புதிதல்ல. சந்தையிலே அவளைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள், பஸ்ஸிலே அவள் அருகில் அமராதவர்கள், அவளது பிள்ளையை வகுப்பில் ஒதுக்கியவர்கள் எப்போதும் இருந்தார்கள். நோய் வந்ததும் அந்த ஒதுக்கலுக்குச் சுகாதாரம் என்ற கௌரவமான பெயர் கிடைத்தது. அழுக்கானவர்கள், அலைபவர்கள், நோயைக் கொண்டு திரிபவர்கள் என்ற பேச்சு இத்தகைய மக்களைச் சுலபமாகச் சூழ்ந்துகொள்ளும்.

ஒரு சமூகத்தையே நோயின் பெயரால் சுட்டுவது எப்படியிருக்கும் என்று இலங்கை முஸ்லிம் பெண்ணுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 பெப்ரவரி இறுதிவரை நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்த மாதங்களும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் மையித்து மண்ணுக்குள் வைக்கப்பட்டபோது வந்த அழுகையும் நம்மோடு இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் முஸ்லிம் ஜனாஸாக்களை எரிக்கும் கட்டாயம் இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பஜாவ் மக்களின் அடக்கமும் கடலோடு பிணைந்தது. தாவி தாவியில் அவர்களுக்கென்று சில சிறு தீவுகளே மையவாடிகள். மையித்தை வெள்ளைத் துணியில் பொதிந்து படகிலே கொண்டுபோவார்கள். பின்னால் உறவினரின் படகுகள் செல்லும். 'சுண்டுக்' எனப்படும் செதுக்கிய மரத்தால் மீஸான் வைப்பார்கள். அப்படித் துக்கத்தைத் துடுப்புப் போட்டுக் கரைப்பவர்களுக்கு, நாலு பேர் மட்டும் என்ற அடக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை மஜ்மா நகரின் வேலிக்கு வெளியே நின்றவர்கள் அறிவார்கள்.

பெண்களின் கைகள்

இத்தனைக்கும் நடுவே வீடுகளைத் தாங்கியது யார் என்று கேட்டால், உலகெங்கும் போலவே அங்கும் பெண்கள்தாம்.

தாவி தாவியின் ஸமாப் பெண்கள் தாழை ஓலையில் பாய் இழைப்பதில் பெயர்பெற்றவர்கள். ஓலையை முள் நீக்கி, கீறி, வெயிலில் காயவைத்து, தட்டி மெதுவாக்கி, கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, பிறகுதான் இழைப்பு. நமது கிழக்கில் பன்பாய் இழைக்கும் சகோதரிகளுக்கு இந்தப் பாடு விளங்கும். தந்துபாஸ் என்னும் ஊரைச் சேர்ந்த ஹாஜா ஆமினா அப்பி என்ற முதிய பெண்மணிக்கு 2004இல் அந்நாட்டு அரசு, பாரம்பரியக் கலைஞருக்கான தேசிய விருதை வழங்கியது. அவர் கரைவாழ் ஸமா. கடல்வாழ் ஸமாக்களும் அதே கைத்திறனின் வாரிசுகள். வேலையில்லாத நாளிலும் விரல் சும்மாயிராமல் இருப்பது மனதுக்கு எத்தகைய ஆறுதல் என்பதை ஊசியும் நூலும் பிடித்தவர்கள் அறிவார்கள். ஆனால் பாய் இழைத்தால் போதுமா? வாங்குவதற்கு உல்லாசப் பயணி வேண்டும், சந்தை வேண்டும். இரண்டுமே இல்லாத காலம் அது.

பிள்ளைகளின் படிப்பும் உம்மாவின் தலையில் விழுந்தது. 2020 ஒக்டோபர் 5ஆம் திகதி பாடசாலை ஆண்டு தொடங்கியபோது, அச்சிட்ட பாடப் பொதிகளை வீட்டுக்குக் கொடுத்துப் பெற்றோர் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், தனக்குப் புரியாத மொழியில் அச்சிட்ட தாள்களை மழையில் நனையாமல் கூரைக்குள் செருகிவைத்து என்ன செய்வாள்? பெருமுயற்சியோடு பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் அவர்கள். நாடெங்கும் வகுப்பறைகள் முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 நவம்பரில். அதற்குள் பதின்மூன்று வயது மகன் படகுக்கும், பதினைந்து வயது மகள் மணவறைக்கும் போய்விட்டால் அவர்களைத் திருப்பி யார் அழைத்து வருவது?

எல்லைக்கு அப்பால்

சபா மாநிலத்தின் செம்பொர்னாவில் வாழும் பஜாவ் மக்களின் நிலை இன்னும் இக்கட்டானது. அவர்களில் பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. மலேசியாவில் பிறந்தும் மலேசியர் அல்ல. பிலிப்பைன்ஸும் அவர்களைத் தன் மக்கள் என்று பதியவில்லை. 2020 செப்டெம்பரில் சபா மாநிலத் தேர்தலையொட்டி நோய் வேகமாகப் பரவி, செம்பொர்னா மாவட்டம் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கையில் தாளில்லாதவனுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போக இரட்டைப் பயம்: ஒன்று நோய், மற்றது தடுப்பு முகாம். சபாவின் தடுப்பு முகாம்களிலிருந்து நாடுகடத்தப்பட்டோர் கப்பல்களில் ஸம்போவங்காவிலும் தாவி தாவியிலும் வந்து இறங்கிய ஆண்டும் அதுவே.

நோய் போன பிறகும் நிம்மதி வரவில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் செம்பொர்னாவுக்கு அருகே கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளில் இருந்த அவர்களது வீடுகள் நூற்றுக்கும் அதிகமானவை அதிகாரிகளால் இடிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டு வெளியே வராதே என்று சொல்லப்பட்டவர்கள், இப்போது வீட்டை விட்டு வெளியேறு என்று சொல்லப்பட்டார்கள்.

ஒரு தாளும் இரு சாட்சிகளும்

இத்தனையையும் சொன்னபிறகு ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் யுனிசெப்பும் பிலிப்பைன்ஸ் அதிகாரிகளோடு சேர்ந்து, ஸம்போவங்காவிலும் தாவி தாவி சேர்ந்துள்ள பங்ஸமோரோ முஸ்லிம் சுயாட்சிப் பிரதேசத்திலும் பஜாவ் மக்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெற்றுக்கொடுக்கும் வேலையைக் கொவிட் ஆண்டுகளிலேயே முன்னெடுத்தார்கள். மனநலம் பற்றிய கட்டுரையில் பிறப்புச் சான்றிதழுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிவாரண வரிசையில் பெயர் வாசிக்கப்படுமா என்று நெஞ்சு படபடக்க நின்ற தாய்க்கு, அந்தத் தாள் ஒரு மருந்துச் சீட்டை விடக் குறைந்ததல்ல.

ஆனால் காலம் தாழ்த்திப் பதிவு செய்வது இலேசான காரியமல்ல. பிறந்த திகதி என்ற கட்டம் இருக்கும். திகதிகளால் அல்லாமல், தீப்பற்றிய வருடம், பெரும் புயல் வந்த வருடம் என்று காலத்தை நினைவில் வைப்பவர்கள் அதில் எதை எழுதுவது? பிறந்த இடம் என்று இன்னொரு கட்டம். இரு தீவுகளுக்கு நடுவே படகில் பிறந்த பிள்ளைக்கு அங்கே எந்த ஊரின் பெயர்?

அதன்பின் சாட்சிகள். இன்னாருடைய பிள்ளை, இன்ன காலத்தில் பிறந்தது என்று இருவர் கையொப்பமிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. நிக்காஹ் மஜ்லிஸில் இருவர் இருப்பதைப் போலத்தான் என்று வையுங்கள். ஆனால் அந்த இருவரும் இவ்விடயத்தில் சொந்த நலன் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பலகைப் பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லாரும் மாமாவும் மச்சானும் சாச்சியுமாக இருக்கும் குடியிருப்பில் அந்தத் தாய் யாரைத் தேடுவாள்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகைகளைக் கடந்து கரைக்கு ஏறி, தரையில் வீடு கட்டி வாழும் அயலவரின் கதவைத்தான் அவள் தட்ட வேண்டியிருக்கும். லுவாஆன் என்று அவளை அழைத்து வந்த அதே அயலவரின் கதவை.